மூக்குக்கு எட்டாத சாலட்

சேவூரில் யாரையாவது நிறுத்தி, புதுசாக எதையாவது தின்ன வேண்டுமென்றால் யார் வீட்டுக்குப் போகலாம் என்று கேட்டுப் பாருங்கள். அமலா வீட்டைத்தான் கை காட்டுவார்கள். குக்கருக்குள் மணலைக் கொட்டி கேக் சுட்டது அந்தத் தெருவில் முதலில் அவள்தான். புரோட்டா மாவில் பீட்சா போட்டதும் அவள்தான். அந்த பீட்சாவின் தலையில் அவள் வீட்டுக்காரன் எழிலரசன் சால்னாவை ஊற்றிப் பிசைந்து தின்றுவிட்டான். அதற்காக ஒரு வாரம் அவனோடு பேசாமல் இருந்தவளும் அவள்தான்.

நாற்பத்திரண்டு வயதாகிறது. இன்னும் ஃபோனில் யாராவது எதையாவது வதக்கிக் காட்டினால் கண் விரிந்துவிடும். பிறந்தது வெம்பாக்கம் பக்கத்தில். அப்பா வேடியப்பனும் அம்மா முனியம்மாவும் அடுத்தவர் கழனியில் நாற்று நட்டும் களை எடுத்தும் பிழைத்தவர்கள். வீட்டில் சமைக்க என்ன இருந்ததோ அதைத்தான் சமைத்தார்கள், இதில் புதுசுக்கு எங்கே போவது? கல்யாணமாகி சேவூருக்கு வந்த பிறகுதான் அமலாவுக்குக் கை திறந்தது. எழிலரசன் சேவூருக்கும் ஆரணி பஸ் ஸ்டாண்டுக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். ஒரே பெண் இனியா, வேலூரில் நர்ஸ். அமலாவுக்கோ ஒன்பது வருஷமாக ஆரணி பட்டுக்கடை குமரேசன் வீட்டில் சமையல் வேலை.

அந்த வீட்டில் சேர்ந்த முதல் நாளே குமரேசனின் மனைவி ஸ்வர்ணலதா ஒரு கட்டளை போட்டார். "அமலா, ஒண்ணே ஒண்ணு. சமைக்கும்போது ருசி பாக்கக் கூடாது. கையில விட்டு நக்கறதெல்லாம் இங்க ஆவாது. சாமிக்குப் படைச்சப்புறந்தான் வாயில படணும். எங்க மாமியார் காலத்துலேர்ந்து இப்பிடித்தான்."

சாமி பேரைச் சொல்லிவிட்டால் யார் என்ன கேட்க முடியும்? ஆனால் அந்த ஸ்வர்ணலதாவே பண்டிகை நாளில் பாயசம் கிண்டும்போது கரண்டியை உள்ளங்கையில் சாய்த்து நக்கிப் பார்த்ததை அமலா ஒரு தடவை இல்லை, பத்து தடவை பார்த்திருக்கிறாள். அப்படியென்றால் கட்டளை யாருக்கு? ஸ்வர்ணலதா வாய்க்கா, அமலா வாய்க்கா? அது விளங்காத அளவுக்கு அவள் ஒன்றும் மக்கு இல்லை. விளங்கியது, சுருக்கென்று தைக்கவும் செய்தது. நர்ஸ் படிப்புக்கு மகளைச் சேர்க்க வேண்டியிருந்தது, அதனால் வாயை மூடிக்கொண்டாள். வாய்க்குப் பதிலாக மூக்கைத் தீட்டிக்கொண்டாள்.

எப்படித் தீட்டினாள் என்கிறீர்களா? உப்பு பத்தாத சாம்பார் கொதிக்கும்போது பருப்பு வாசனை மட்டும் தனியாக மேலே வரும் என்பாள். புளி ஏறிப்போன குழம்பு மூக்கின் நுனியில் கிள்ளுமாம். உப்புக்கு மட்டும் ஒரு கணக்கு வைத்திருந்தாள், ஆறு பேருக்கு மூன்று விரல் சேர்த்து ஒரு எடுப்பு. ஒன்பது வருஷத்தில் ஒரு நாள், ஒரே ஒரு நாள்கூட, அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உப்பு டப்பாவை யாரும் கேட்டது கிடையாது. அதில் அவளுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். குமரேசனுக்கு வீடும் கடையும் ஒரே கட்டடத்தில், அதற்கு மேலே நான்கு அறை கட்டியிருந்தார். வெளியூரிலிருந்து பட்டு எடுக்க வருகிறவர்கள் காலையில் வந்து, ரெண்டு புடவையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் வேலூருக்கு ஓடிவிடுகிறார்கள். இங்கேயே தங்கினால் நிதானமாகத் தறியைப் பார்ப்பார்கள், நாலு புடவை கூடுதலாக எடுப்பார்கள் என்பது அவர் எண்ணம். மாடியிலேயே ஒரு சமையல்கட்டும் போட்டாயிற்று. ஸ்டீல் மேடை, பெரிய ஃபிரிட்ஜ், புகை இழுக்கும் மிஷின், எல்லாம் பளபளவென்று இருந்தது. யார் சமைப்பது என்பதுதான் பாக்கி. மெட்ராஸில் பெரிய ஓட்டலில் வேலை பார்த்த சுப்பராயலு என்று ஒருவரிடம் பேசி வைத்திருந்தார்.

அமலா ஒரு நாள் அந்த மேடையைத் துடைத்துக்கொண்டே கேட்டுவிட்டாள். "ஏங்க, இந்தக் கிச்சன நான் பாத்துக்கறேங்க."

குமரேசன் யோசித்தார். மனுஷர் கெட்டவர் இல்லை, எதற்கும் முதலில் மனைவி முகத்தைப் பார்க்கிறவர். "வர்றவங்க நம்ம குழம்பு சாதம் மட்டும் கேக்க மாட்டாங்களே அமலா. அவங்க சாப்பாடு செய்யணுமே. புதன்கெழம டொரன்டோலேர்ந்து ஒரு அம்மா வர்றாங்க. மதிவதனின்னு பேரு. சொந்த ஊரு வந்தவாசிதான், டொரன்டோல புடவக்கடை வெச்சிருக்காங்க. பெரிய ஆர்டர். அவங்களுக்கு நீ சமை. அவங்க வாயால நல்லாகீதுன்னு சொல்லட்டும், கிச்சன் உன்னுது. இல்லாட்டி திங்கக்கெழம சுப்பராயலு வந்துடுவாரு."

அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது அமலா ஆட்டோவில் உட்காரவே இல்லை என்று எழிலரசன் சொல்வான். உட்கார்ந்துதான் இருந்தாள், ஆனால் உட்கார்ந்த மாதிரி இல்லையாம். ஒரு கிச்சன். என்ன சமைப்பது, எப்படிச் சமைப்பது என்று அவள் சொல்கிற கிச்சன். பிறந்ததிலிருந்து அப்படி ஒரு இடம் அவளுக்கு வாய்த்ததில்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு மதிவதனியிடமிருந்து குமரேசனுக்கு மெசேஜ் வந்தது. கல்யாணம், விருந்து என்று பதினைந்து நாளாக எண்ணெயும் நெய்யுமாகத் தின்று வயிறு பேஜார் பண்ணுகிறது, நாளை மதியம் ஒரு சீசர் சாலட் மட்டும் போதும், அசல் முறையில் செய்தது கிடைக்குமா என்று கேட்டிருந்தார். குமரேசன் கிடைக்கும் என்று பதில் போட்டுவிட்டு, அதற்கப்புறம் சமையல்கட்டுக்கு வந்து கேட்டார்.

"அமலா, சீசர் சாலட்டுன்னா இன்னா?"

"தெரியாதுங்க," என்றாள். "பண்ணிடலாங்க."

இந்தத் துணிச்சலைத்தான் நான் சொல்ல வந்தேன். தெரியாது என்ற வார்த்தைக்கும் பண்ணிடலாம் என்ற வார்த்தைக்கும் நடுவில் அவள் மூச்சுகூட விடவில்லை.

அன்றைக்கு விளக்கு வைத்த நேரத்தில் சேவூர் வீட்டில் அவளும் எழிலரசனும் ஃபோனும். ஒரு வீடியோ முடிந்தால் அடுத்தது. மொத்தம் இவ்வளவுதான் சங்கதி. மொறுமொறுவென்று இருக்கும் ரொமைன் என்கிற ஒரு கீரை. பச்சை முட்டையின் மஞ்சள் கருவில் ஆலிவ் எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு அடித்த கெட்டியான டிரெஸ்ஸிங், அதில் பூண்டு, கடுகு விழுது, எலுமிச்சை, மிளகு. பொன்னிறமாக வறுத்த ரொட்டித் துண்டு, அதற்குப் பேர் குரூட்டான். மேலே பார்மெசான் சீஸைத் துருவிப் போட்டால் ஆயிற்று. அதில்லாமல் ஒவ்வொருத்தரும் ஒரு சின்ன டப்பாவைத் திறந்து குட்டி மீன் எடுத்தார்கள். ஆன்ச்சோவி என்றார்கள். உப்பில் ஊறப்போட்ட மீன்.

அமலா வீடியோவை நிறுத்தினாள். பெரிதாக்கிப் பார்த்தாள்.

"யோவ், இது நெத்திலி."

எழிலரசனும் குனிந்து பார்த்தான். "நெத்திலிதான். அட, இவனுங்க நம்ம நெத்திலிக் கருவாட்டப் போட்டுட்டா இவ்ளோ அலட்டிகினு கீறானுங்க?"

அமலாவுக்கு அப்போது வந்த சந்தோஷம் இருக்கிறதே, சீமையிலிருந்து வந்த பெரிய மனுஷர் ஒருவர் தூரத்துச் சொந்தம் என்று தெரிந்த சந்தோஷம் அது. பொன்னம்மாள் கடையில் குவித்து வைத்து விற்கிற நெத்திலி. அவள் அம்மா முனியம்மா களை எடுத்துவிட்டு வந்து அடுப்பில் சுட்டுக் கூழுக்குத் தொட்டுக்கொடுத்த நெத்திலி. இதுக்கா பயந்தோம் என்று சிரித்தாள்.

இனியாவுக்கு ஃபோன் போட்டாள். டியூட்டி முடிந்து வந்த பெண் வேலூர் சூப்பர் மார்க்கெட்டில் ரொமைன் மூன்று கட்டு, சீஸ் ஒரு துண்டு, ஆலிவ் எண்ணெய் ஒரு பாட்டில் வாங்கி ஹாஸ்டல் ஃபிரிட்ஜில் வைத்தது. "மா, காலையில ஆரணி பஸ்ல டிரைவர் அண்ணங்கிட்ட குடுத்து அனுப்பறேன். அப்பாவ பஸ் ஸ்டாண்டுல நிக்கச் சொல்லு. வெயில்ல வெச்சிடப் போறாரு. அப்புறம் கீரை பத்தலன்னு கோஸ நறுக்கிப் போட்டு ஏமாத்தாத" என்றது. மகளுக்குத் தாயைத் தெரியும்.

குரூட்டானை மட்டும் அன்றைக்கே வறுத்துப் பார்த்தார்கள். பேக்கரி ரொட்டியைச் சதுரமாக வெட்டி நெய்யில் போட்டால், திருப்புவதற்குள் கறுக்கிறது. வாயில் போட்டால் இனிக்கிறது. நம் ஊர் ரொட்டியில் பாதி சர்க்கரைதானே. எழிலரசன் அத்தனையையும் டீயில் தொட்டுத் தின்றுவிட்டு, காலையில் பேக்கரிக்காரரிடம் கேட்டு, சர்க்கரை வியாதிக்காரர்களுக்கென்று தனியாகப் போடும் இனிப்பில்லாத ரொட்டியை வாங்கிக்கொண்டு வந்தான். அதைப் பார்த்ததும் அமலாவுக்கு அந்த பீட்சா கோபத்தில் மிச்சம் இருந்ததும் போய்விட்டது.

புதன்கிழமை காலை. பொன்னம்மாள் கடையில் அமலா நெத்திலிக் கருவாட்டை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். "இன்னாடி, பொண்ணு பாக்க வந்த மாதிரி பாக்கற?" என்றாள் பொன்னம்மாள். "சாலட்டுக்கு அக்கா" என்று இவள் சொன்னதும் அந்தம்மா ஒரு கணம் பார்த்துவிட்டு, இவளுக்குக் கிறுக்குதான் என்கிற மாதிரி கூடுதலாக ஒரு கைப்பிடி அள்ளிப் போட்டாள்.

மாடியில் குழாய் வேலை பாக்கியிருந்ததால் சமையல் கீழே, ஸ்வர்ணலதாவின் பழைய சமையல்கட்டில்தான். பத்து மணிக்கு எழிலரசன் ரொமைன் கட்டுகளை ஈரத்துணியில் சுற்றி, பச்சைக் குழந்தையைத் தூக்கி வருவது போல ரெண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்து கொடுத்தான். ஒரு மணிக்குச் சாப்பாடு. அமலா கீரையை ஐஸ் தண்ணீரில் அலசி, ஒரு சொட்டு ஈரமில்லாமல் ஒற்றி எடுத்து, ஃபிரிட்ஜுக்குள் வைத்தாள். ரொட்டியைக் கையாலேயே பிய்த்து, பூண்டு தட்டிப் போட்ட எண்ணெயில் சின்னத் தீயில் புரட்டினாள். வீடே மணந்தது. இந்த வாசனை அவளுக்குக் கட்டுப்பட்ட வாசனை. இப்போது எடுத்தால் சரி என்று மூக்கு சொன்னது, எடுத்தாள். ஒன்றை நசுக்கினாள், சடக்கென்று உடைந்தது.

ஸ்வர்ணலதா வாசற்படியில் வந்து நின்று வேடிக்கை பார்த்தார். கையில் ஒரு குட்டி பாட்டில். "ஆலிவ் எண்ணெய் வேணும்னு சொன்னியாமே. பேரனுக்குத் தடவறது இருக்குது, எடுத்துக்க."

"வேணாங்கம்மா, இனியா சமைக்கறது வாங்கி அனுப்பிகீது."

"எண்ணெயில இன்னா சமைக்கறது, தடவறது" என்று முணுமுணுத்தாலும் அவர் போகவில்லை. அந்த வீட்டில் முதல் தடவையாகச் சமைக்கிற பண்டம், பார்க்க அவருக்கும் ஆசைதான்.

நெத்திலியைத் தலை கிள்ளி, வெந்நீரில் ஊறவைத்து, துளி எண்ணெயில் பிரட்டி, பூண்டும் மிளகும் சேர்த்து அம்மியில் வெண்ணெயாக அரைத்தாள். கடுகைத் தனியாக அரைத்தாள். நாட்டுக்கோழி முட்டையை ஒரு நிமிஷம் கொதிநீரில் போட்டு எடுத்து மஞ்சள் கருவைப் பிரித்தாள். முதல் முட்டை வீணாகிவிட்டது. அவசரத்தில் எண்ணெயைச் சரித்துவிட்டாள், எண்ணெய் தனியாகவும் கரு தனியாகவும் பிரிந்து நின்றன. ரெண்டாவது முட்டைக்கு எண்ணெயைப் பட்டு நூல் தடிமனுக்கு விட்டாள். ஒரு கை விட, ஒரு கை அடிக்க, மஞ்சளாக இருந்தது மெல்ல வெளுத்து, கெட்டிப்பட்டு, கரண்டியில் ஒட்டி நின்றது. அமலாவுக்கு உடம்பெல்லாம் ஜிலீரென்றது. முட்டையும் எண்ணெயும் சேர்ந்து இப்படி ஒரு பண்டம் ஆகும் என்று இத்தனை நாள் யாராவது சொன்னார்களா?

நெத்திலி விழுதில் பாதியைச் சேர்த்தாள், கடுகு, எலுமிச்சை, துருவிய சீஸ். கடைசியாகக் கை தானாக உப்பு ஜாடிக்குப் போய், மூன்று விரல் சேர்த்து ஒரு எடுப்பு எடுத்து, தூவிக் கலக்கியும் விட்டது.

கலக்கின பிறகுதான் அவளுக்கு உறைத்தது. கருவாட்டில் உப்பு இருக்கிறது. சீஸில் உப்பு இருக்கிறது.

கிண்ணத்தை முகத்துக்கு அருகில் கொண்டுபோய் மூச்சை இழுத்தாள். பூண்டு வந்தது, எலுமிச்சை வந்தது, நெத்திலி வந்தது. எல்லாம் ஒரே நேரத்தில் முட்டிமோதிக்கொண்டு வந்தது. இன்னொரு தடவை இழுத்தாள். இதில் கொதி இல்லை, ஆவி இல்லை. ஒன்பது வருஷமாக அவளுக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்த மூக்கு இன்றைக்குப் பார்த்து வாயைத் திறக்க மாட்டேன் என்கிறது. மணி பன்னிரண்டே கால்.

வாசற்படியில் ஸ்வர்ணலதா. அவர் கண் கிண்ணத்தின் மேல்தான் இருந்தது.

அப்படியே கொண்டுபோய் வைத்துவிடலாம், நன்றாகவும் இருக்கலாம். நன்றாக இல்லையென்றால் திங்கட்கிழமை சுப்பராயலு வருவார், பளபளக்கும் அந்த மேடை அவருடையது. ருசி பார்த்தால் ஸ்வர்ணலதா இங்கேயே, இப்போதே வேலையை விட்டுப் போகச் சொன்னாலும் சொல்வார். ரெண்டையும் அமலா நினைத்தாள். நினைத்துவிட்டு, கரண்டியை உள்ளங்கையில் சாய்த்து ஒரு சொட்டு விட்டு, நாக்கில் வைத்தாள்.

கடல் தண்ணீர். தொண்டை வரைக்கும் உப்புக் கரித்தது.

"அமலா, இன்னா பண்ற?"

"ருசி பாக்கறேங்கம்மா."

"இந்த வூட்டுல..."

"தெரியுங்கம்மா. இது அடுப்புல ஏறாத சமையலு. மூக்குக்கு எட்டல. நாக்குதான் சொல்லணும்." சொல்லிக்கொண்டே மூன்றாவது முட்டையை எடுத்து உடைத்தாள்.

ஸ்வர்ணலதா திரும்பிப் போனார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. மாடிப்படியில் அவர் கால் சத்தம் கேட்டது, மாடியில்தான் குமரேசன் இருந்தார். ஆனாலும் பாருங்கள், எண்ணெய் அதே நூல் தடிமனுக்குத்தான் விழுந்தது. இந்தத் தடவை மிச்ச விழுதையும் மற்றதையும் சேர்த்ததோடு சரி, உப்பு ஜாடியை எட்டி வைத்துவிட்டாள். உள்ளங்கையில் இன்னொரு சொட்டு. புளிப்பு பத்தவில்லை. எலுமிச்சை அரை மூடி பிழிந்து அடித்து, மறுபடி ஒரு சொட்டு.

இப்போது நாக்கில் முதலில் எலுமிச்சை வந்தது, பிறகு முட்டையின் வழவழப்பு, அதற்கும் பிறகு அடியிலிருந்து மெல்ல நெத்திலி. மீன் என்று தெரியவில்லை, ஆனால் அது இல்லாவிட்டால் மற்றது எதுவும் நிற்காது என்று தெரிந்தது. அமலா தனியாக நின்று சிரித்தாள். வேலை போனாலும் போகட்டும், இந்த ருசியை ஒருத்தர் சாப்பிட்டுப் பார்த்துவிட வேண்டும் என்று இருந்தது.

மதிவதனி சாப்பிட உட்கார்ந்த பிறகுதான் கலந்தாள். முன்னாடியே கலந்தால் கீரை துவண்டுவிடும் என்று வீடியோவில் சொன்னதை மறக்கவில்லை. மாடியில் அவர் எதிரிலேயே ரொமைன் இலைகளை டிரெஸ்ஸிங்கில் புரட்டி, குரூட்டானைத் தூவி, மேலே சீஸைத் துருவிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். குமரேசன் எதிர் நாற்காலியில் இருந்தார். ஸ்வர்ணலதா மாடிப்படி ஓரமாக நின்றார். கணவரிடம் சொல்லிவிட்டாரா இல்லையா என்று அவர் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை.

மதிவதனிக்கு ஐம்பது வயது, வெட்டிய முடி, பேச்சில் இன்னும் வந்தவாசி. முதல் வாய் எடுத்தார். மென்றார். ரெண்டாவது வாய் எடுத்தார். அப்புறம் தட்டைக் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தார்.

"ஆன்ச்சோவி எங்க வாங்குனீங்க?"

"பொன்னம்மாக்கா கடையிலங்க. நெத்திலிக் கருவாடு."

மதிவதனி ஃபோர்க்கைக் கீழே வைத்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். "எங்கம்மா வறுக்கற நெத்திலியா? அங்க குட்டி டப்பாவுல தேடித் தேடி வாங்கினு இருந்தேன், பாருங்க." மறுபடி ஃபோர்க்கை எடுத்தார். "நல்லாகீதுங்க. உப்பும் புளிப்பும் அந்த எடத்துல நிக்குது. இத செய்யறப்போ எத்தன தடவ டேஸ்ட் பண்ணுனீங்க?"

குமரேசன் முந்திக்கொண்டார், குரலில் பெருமை. "எங்க வூட்டுல ஒரு தடவகூட கிடையாதுங்க. இவங்க ருசி பாக்கவே மாட்டாங்க. ஒம்போது வருஷமா அப்பிடித்தான், அவ்ளோ சுத்தம்."

அப்படியானால் ஸ்வர்ணலதா சொல்லவில்லை. அமலாவுக்கு அது புரிந்தது. இன்னொன்றும் புரிந்தது. நல்லாகீது என்ற வார்த்தை வந்தாயிற்று, கிச்சன் அவளுடையது. இப்போது தலையை ஆட்டிவிட்டுச் சும்மா இருந்தால் போதும். ஆனால் தலையை ஆட்டினால் அந்தக் கட்டளையும் அவளோடு சேர்ந்து மாடி ஏறிவிடும். அந்த ஸ்டீல் மேடையிலும் வாயை மூடிக்கொண்டு மூக்கால் சமைக்க வேண்டும்.

"இல்லீங்க," என்றாள். "மூணு தடவ பாத்தேன். மொத தடவ உப்புக் கரிச்சுது, கொட்டிட்டு மறுபடி செஞ்சேன்." குமரேசன் பக்கம் திரும்பினாள். "மேல நான் சமைக்கறதா இருந்தா ருசி பாத்துதாங்க அனுப்புவேன். அது ஆவாதுன்னா மெட்ராஸ்காரரையே வரச் சொல்லிடுங்க."

என்ன நடக்கிறது என்று தெரியாத மதிவதனி குரூட்டான் கடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. குமரேசன் வழக்கம் போல மனைவி முகத்தைப் பார்த்தார்.

ஸ்வர்ணலதா படி ஓரத்திலிருந்து வந்தார். கலந்த பாத்திரத்தைப் பார்த்தார். பிறகு வலது கையை நீட்டி, அமலா செய்தது மாதிரியே, உள்ளங்கையைக் குழித்துக் காட்டினார்.

"ஒரு சொட்டு வுடு."

அமலா பாத்திரத்தின் அடியில் வழித்துக் கரண்டியைச் சாய்த்தாள். ரெண்டு சொட்டாக விழுந்தது. ஸ்வர்ணலதா நாக்கில் வைத்துக் கண்ணை மூடினார்.

"எலுமிச்ச இன்னும் கொஞ்சம் வேணும்."

"வேணாங்கம்மா. அதுக்கு மேல போட்டா நெத்திலி அடிபட்டுடும்."

எதிர்த்துச் சொல்லிவிட்டோமே என்று சொன்ன பிறகுதான் அமலாவுக்குத் தோன்றியது. ஸ்வர்ணலதா உள்ளங்கையை இன்னொரு தடவை பார்த்துக்கொண்டார். "ஒம்போது வருஷம் உப்பு சரியா இருந்துது. எப்பிடி சரியா வருதுன்னு நான் ஒரு நாளும் கேட்டதில்ல," என்றார், யாரிடம் சொல்கிறார் என்றே தெரியாத மாதிரி. அப்புறம் அமலாவைப் பார்த்து, "பாரு. மேலயும் பாரு, கீழயும் பாரு. நாளைக்கு வெக்கற கொழம்புக்கும் பாத்துட்டே எறக்கு" என்றார். குமரேசன் சுப்பராயலுவுக்கு ஃபோன் போட பால்கனிப் பக்கம் எழுந்து போனார்.

அமலா பாத்திரத்தை எடுத்துக்கொண்டு கீழே வந்தாள். கால் தரையில் படவில்லை என்று சொன்னால் மிகை, ஆனால் படியை எண்ணாமல்தான் இறங்கினாள். பாத்திரத்தின் அடியில் நாலைந்து இலையும் ரெண்டு குரூட்டானும் ஒட்டியிருந்தன. ஸ்வர்ணலதாவின் சமையல்கட்டில், அடுப்பு மேடைக்குப் பக்கத்தில் நின்றபடியே, குரூட்டானால் பாத்திரத்தை வழித்து வாயில் போட்டாள். அந்த நேரம் பார்த்து ஃபோன் அடித்தது. பஸ் ஸ்டாண்டில் ஆட்டோவைப் போட்டுவிட்டு மனசு கேட்காமல் கூப்பிடுகிறான் எழிலரசன்.

"ஜல்தி சொல்லும்மே, இன்னா ஆச்சு?"

"இருய்யா," என்றாள் அமலா. "வாயில சாலட் கீது."